வீடியோ எடிட்டிங்கில் டிரான்சிஷன், மோஷன் எஃபெக்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, குறும்படம், சின்னச் சின்ன விளம்பரம் என்று எடிட் செய்வதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். யார் வந்தாலும் முதல் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு வந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை கல்யாணம்தான் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ப்ரோ இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருளில் மெனுவின் பெயர் மாறலாம், விஷயம் ஒன்றுதான்.

1. "அண்ணா, ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததை ஒட்டுறதும் டிரான்சிஷனா?"

ஆமாம். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் விதம் எதுவானாலும் டிரான்சிஷன்தான். முதலில் பழக வேண்டிய டிரான்சிஷனே நேர் கட்தான். தியேட்டரில் பார்த்த எந்தப் படத்தையாவது எடுத்துப் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஷாட் மாறும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை நேர் கட்டாகவே இருக்கும். கட் என்றால் இதே நேரத்தில் காட்சி தொடர்கிறது. ஒரு படம் மெல்ல மறைய, அதன் மேலேயே அடுத்தது மெல்லத் தெரியும் டிசால்வ் என்றால் நேரமோ இடமோ கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கறுப்புக்குப் போகும் ஃபேட் என்றால் ஒரு பகுதி முடிந்தது. இதை யாரும் பார்வையாளருக்குப் பாடமாகச் சொல்லவில்லை. படம் பார்த்துப் பார்த்தே எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஃபிலிம் காலத்தில் டிசால்வ் சும்மா வராது. எடிட்டர் பிரின்டின் மேல் மெழுகு பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார். ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்குப் பிரதி எடுக்கும் ஆப்டிகல் பிரின்டரில் முதல் ஷாட்டை மெல்ல இருட்டாக்கி, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அதே இடத்தின் மேல் இரண்டாவது ஷாட்டை மெல்ல வெளிச்சமாக்கிப் பதிவு செய்வார்கள். காசும் நாளும் ஆகும். பிரதிக்குப் பிரதி எடுப்பதால் அந்த இடத்தில் படத்தின் தெளிவும் கொஞ்சம் குறையும். அதனால் ஒரு டிசால்வ் போடுவதற்கு முன் நன்றாக யோசித்தார்கள். இன்று பிரீமியரில் கன்ட்ரோல் டி (D), ரிசால்வில் கன்ட்ரோல் டீ (T). அழுத்தினால் முடிந்தது. அழுத்துவதற்கு முன் 'இங்கே நேரம் நகர்ந்ததா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. "எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்? மொபைல் போதுமா?"

கணினி இருந்தால் ரிசால்வின் இலவசப் பதிப்பு. 3840க்கு 2160 அளவில் நொடிக்கு 60 ஃப்ரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள்) வரை வெளியே எடுக்கலாம், வாட்டர்மார்க் வராது. 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. மொபைல் மட்டும்தான் இருக்கிறது என்றால் கைன்மாஸ்டர், விஎன் போன்ற செயலிகளிலும் கீஃப்ரேம் (ஐந்தாவது பதிலில் சொல்கிறேன்) இருக்கிறது, அதிலேயே தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் சொல்வதில் பாதிக்கு மேல் மொபைலிலேயே பழகிவிடலாம். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மாதம் போக்காதீர்கள்.

3. "டிசால்வ் போட்டா 'மீடியா பத்தலை'ன்னு வருது. சில சமயம் படம் உறைஞ்சு நிக்குது. ஏன்?"

டிசால்வ் ஓடும்போது இரண்டு ஷாட்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நீங்கள் வெட்டிய இடத்தைத் தாண்டி முதல் ஷாட்டும், வெட்டிய இடத்துக்கு முன்னாலேயே இரண்டாவது ஷாட்டும் இருந்தால்தான் அது நடக்கும். அந்த மிச்சத்துக்கு ஹேண்டில் என்று பெயர். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஒரு நொடி டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், இரண்டு பக்கமும் 12, 13 ஃப்ரேம் மிச்சம் வேண்டும். கேமரா பதிவு செய்த கடைசி ஃப்ரேம் வரை டைம்லைனில் போட்டுவிட்டால் மிச்சம் ஏது? அப்போது பிரீமியர் கடைசி ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டி ஒப்பேற்றும். டிரான்சிஷன் மேல் சாய்வுக் கோடுகள் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

வழி மூன்று. இரண்டு கிளிப்பையும் உள்ளே தள்ளி வெட்டலாம், டிசால்வின் நீளத்தைக் குறைக்கலாம், அல்லது மிச்சம் இருக்கும் பக்கமாக டிசால்வை நகர்த்தலாம். ஆனால் உண்மையான மருந்து ஷூட்டிங்கில் இருக்கிறது. விஷயம் தொடங்குவதற்கு மூன்று நொடி முன்னால் ரெக்கார்ட் அழுத்துங்கள், முடிந்த பிறகும் மூன்று நொடி ஓட விடுங்கள். தாலி முடிச்சு விழுந்த அடுத்த கணமே கேமராவை நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த மூன்று நொடியில்தான் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பார்.

4. "டிரான்சிஷன் எத்தனை ஃப்ரேம் வைக்கணும்?"

மென்பொருள் தானாக வைப்பது சுமார் ஒரு நொடி. பெரும்பாலான இடத்துக்கு அது ஒத்துவராது. பேட்டியில் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு இணைப்பை மறைக்க 4 முதல் 6 ஃப்ரேம். சாதாரண டிசால்வுக்கு 12 முதல் 20. பழைய புகைப்படத்திலிருந்து இன்றைய முகத்துக்கு வரும்போது 40, 50 ஃப்ரேம்கூடப் போகலாம், இரண்டு முகமும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும் அந்த நேரம்தான் அங்கே அழகு. வேகமான சுழற்சி வகைகள் 8 முதல் 12 ஃப்ரேமுக்குள் முடிந்துவிட வேண்டும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். கண்ணை மூடி இசையை மட்டும் கேட்டு, படம் மாற வேண்டும் என்று தோன்றும் இடத்திலிருந்து மாறி முடிக்க வேண்டிய இடம் வரை விரலால் தட்டிப் பாருங்கள்.

5. "கீஃப்ரேம்னா என்னன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு இன்னும் புரியலை."

புள்ளிக் கோலம் தெரியும் இல்லையா? புள்ளியை நீங்கள் வைக்கிறீர்கள், கோட்டை மென்பொருள் இழுக்கிறது. 0வது ஃப்ரேமில் படத்தின் அளவு 100 என்று ஒரு புள்ளி, 25வது ஃப்ரேமில் 120 என்று இன்னொரு புள்ளி. நடுவில் 100.8, 101.6 என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அளவைக் கணக்குப் போட்டு நிரப்புவது மென்பொருளின் வேலை. அளவு, இடம், சுழற்சி, ஒளிபுகும் தன்மை, மங்கல், ஒலியின் அளவு என்று எண்ணால் சொல்லக்கூடிய எதற்கும் கீஃப்ரேம் வைக்கலாம்.

பெயர் கையால் வரைந்த அனிமேஷனிலிருந்து வந்தது. முக்கியமான நிலைகளை மூத்த கலைஞர் வரைவார், இடைப்பட்ட தாள்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். இன்று அந்த உதவியாளர் இடத்தில் கணினி இருக்கிறது. அது சொன்னதைச் செய்யும், அழகாகச் செய்ய வேண்டும் என்றால் அடுத்த பதில்.

6. "கீஃப்ரேம் வெச்சேன், ஆனா எழுத்து ரோபோ மாதிரி நகருதே சார்?"

கோட்டை நேராக இழுத்துவிட்டீர்கள், அதனால். உலகத்தில் எதுவும் சடக்கென்று முழு வேகத்தில் கிளம்பாது, சடக்கென்று நிற்காது. ஊஞ்சலைப் பாருங்கள். ஓரத்துக்குப் போகப் போக வேகம் குறையும், நுனியில் ஒரு கணம் நிற்கும், திரும்பும்போது மெல்ல வேகமெடுக்கும், நடுவில்தான் உச்ச வேகம். நகர்கிற எதற்கும் இந்தக் குணத்தைக் கொடுப்பதற்குத்தான் ஈஸ் என்று பெயர். எழுத்தையும் படத்தையும் அசைய வைப்பதற்கென்றே இருக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து எஃப்9. பிரீமியரில் கீஃப்ரேமின் மேல் வலது கிளிக் செய்தால் ஈஸ் இன், ஈஸ் அவுட் இரண்டும் கிடைக்கும். ஒரு குழப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த மென்பொருள்களில் ஈஸ் இன் என்றால் அந்தக் கீஃப்ரேமுக்குள் மெல்ல வந்து சேர்வது. இணையப்பக்க வடிவமைப்பில் அதே சொல்லுக்கு மெல்லக் கிளம்புவது என்று அர்த்தம். இரண்டு இடத்திலும் வேலை செய்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

அதோடு நிற்காதீர்கள், நேரம் போகப் போக அந்த எண் எப்படி மாறுகிறது என்று கோடாகக் காட்டும் கிராஃபைத் திறங்கள். எஃப்9 கொடுப்பது எல்லோருக்கும் தைத்த சட்டை. மணமக்கள் பெயர் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான் 20 ஃப்ரேம் கொடுப்பேன். முதல் 6 ஃப்ரேமிலேயே முக்கால்வாசித் தூரம் வந்துவிடும், மிச்சக் கால்வாசியை 14 ஃப்ரேமில் மெதுவாக வந்து உட்காரும். கிராஃபில் பார்த்தால் செங்குத்தாக ஏறிப் பிறகு நீளமாகப் படுக்கும் கோடு. பெயர் வெளியே போகும்போது தலைகீழ்: மெல்லக் கிளம்பி விருட்டென்று மறைய வேண்டும், 10 ஃப்ரேம் போதும். வந்தவரை நிதானமாகப் பார்க்க வேண்டும், போகிறவரைத் தடுக்க வேண்டாம்.

இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டால் உங்கள் வேலை மறுநாளே வேறு மாதிரித் தெரியும். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வட்டத்தை இடமிருந்து வலம் நகர்த்தச் சொல்கிறேன்: ஒரு தடவை இறகு மாதிரி, ஒரு தடவை இரும்புக் குண்டு மாதிரி, ஒரு தடவை ரப்பர் பந்து மாதிரி. வட்டம் அதேதான், கிராஃப் மட்டும் மாறும். வகுப்பில் நான் மிகவும் விரும்பும் நேரம் அது.

7. "ஈஸ் கொடுத்தும் வேகமா நகரும்போது கட்டம் கட்டமா தெரியுது."

மோஷன் பிளர் இல்லை. கையை முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டினால் விரல்கள் மங்கலாகத் தெரிகின்றன அல்லவா, கேமராவிலும் அப்படித்தான் பதிவாகும். கணினி நகர்த்தும் எழுத்துக்கோ படத்துக்கோ அந்த மங்கல் தானாக வராது, நாம்தான் சேர்க்க வேண்டும். பிரீமியரில் அளவு, இடத்தை வழக்கமான மோஷன் பகுதியில் மாற்றாமல் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டைப் போட்டு, அதற்குள் கம்போசிஷன் ஷட்டர் டிக்கை எடுத்துவிட்டு, ஷட்டர் ஆங்கிள் 180 என்று கொடுங்கள். ரிசால்வில் ஃப்யூஷன் பக்கத்தின் டிரான்ஸ்ஃபார்ம் நோடில் மோஷன் பிளர் இருக்கிறது.

180 என்ற எண் ஃபிலிம் கேமராவின் சுழலும் ஷட்டரிலிருந்து வந்தது. அரை வட்டம் திறந்திருந்தால் ஒரு ஃப்ரேமின் நேரத்தில் பாதி மட்டும் வெளிச்சம் படும். 25 ஃப்ரேமில் அது 50ல் ஒரு பங்கு நொடி. கண் பழகிய மங்கல் இந்த அளவுதான். படிக்க வேண்டிய எழுத்து நின்ற பிறகும் மங்கல் மிச்சம் இருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள்.

8. "24, 25, 30, 60... எந்த ஃப்ரேம் ரேட்ல எடுக்கணும்?"

இந்தியாவில் கல்யாண மண்டபத்துக்கு என் பதில்: சாதாரணக் காட்சிக்கு 25, மெதுவாக்கப் போகிற காட்சிக்கு 50. காரணம் மின்சாரம். இங்கே 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் தரம் குறைந்த எல்இடியும் நொடிக்கு 100 தடவை மின்னும். 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 50ல் ஒன்று, 50 ஃப்ரேமுக்கு 100ல் ஒன்று வைத்தால் இரண்டும் அந்த மின்னலோடு ஒத்துப்போகும். 30, 60 என்று எடுத்து ஷட்டரை 60ல் ஒன்று, 120ல் ஒன்று வைத்தால் படத்தில் பட்டை ஓடும், வெளிச்சம் துடிக்கும். எடிட்டில் அதை முழுவதும் சரிசெய்வது பெரும்பாடு. ஐஃபோனில் 25 தெரியவில்லை என்றால் கேமரா அமைப்புகளில் PAL வடிவங்களைக் காட்டும் பொத்தானை இயக்குங்கள்.

30ல் எடுத்ததை 25 டைம்லைனில் போட்டால் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் தூக்கி எறியப்படும். நிற்கிறவர்களிடம் தெரியாது, கேமரா பக்கவாட்டில் நகரும்போது தடக் தடக்கென்று தெரியும். எல்லாக் கேமராக்காரர்களும் ஒரே எண்ணில் எடுக்கிறார்களா என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், ரிசால்வில் கிளிப்புகளைச் சேர்த்த பிறகு ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது, முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

9. "ஸ்லோமோஷன் பண்ணினா வெட்டி வெட்டி வருது அண்ணா."

எளிய வகுத்தல் கணக்கு. 50ல் எடுத்ததை 25 டைம்லைனில் பாதி வேகத்துக்கு, அதாவது 50 சதவீதத்துக்குக் கொண்டு வரலாம், ஒவ்வொரு ஃப்ரேமும் உண்மையானது. 100ல் எடுத்தால் 25 சதவீதம், 120 என்றால் ஏறக்குறைய 21. 25ல் எடுத்ததையே பாதியாக்கினால் நடுவில் காட்ட ஃப்ரேம் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டு தடவை வரும். அதுதான் நீங்கள் பார்க்கும் வெட்டு.

ஆப்டிகல் ஃப்ளோ என்று ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் எது எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகித்துப் புது ஃப்ரேமை உருவாக்கும். வெற்றுச் சுவருக்கு முன்னால் ஒருவர் நடந்து வந்தால் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் தாலி கட்டும்போது அட்சதை விழுகிற ஷாட்டில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அரிசியும் முகத்தின் குறுக்கே போகும்போது கன்னத்தையும் சேர்த்து இழுக்கும், மூக்குத்தி நெளியும், அரிசி மஞ்சள் கோடாகக் கரையும். எந்த அரிசி எங்கே போனது என்று அதற்குத் தெரியவில்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு ஒரு கேமராவைக் கண்டிப்பாக 50ல் வையுங்கள். 100, 120க்குப் போனால் டியூப்லைட் பிரச்சினை கூடும், அதைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. "வேகமா வந்து திடீர்னு ஸ்லோ ஆகுமே, அந்த ஸ்பீடு ராம்ப் எப்படி?"

மேலே சொன்ன கணக்கும் ஆறாவது பதிலின் கிராஃபும் சேர்ந்ததுதான் ராம்ப். ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஆர், ஸ்பீடு பாயின்ட் வைத்து ஒரு பக்கத்தை 300, மறு பக்கத்தை 50 என்று மாற்றி, ரீடைம் கர்வில் மூலையை வளையுங்கள். பிரீமியரில் டைம் ரீமேப்பிங்கைத் திறந்து, கீஃப்ரேமை இரண்டாகப் பிளந்து இழுத்தால் நடுவில் சரிவு உண்டாகும். சரிவு இல்லாவிட்டால் பிரேக் போட்ட பஸ் மாதிரி இருக்கும்.

எந்த இடத்தில் மெதுவாக்குவது என்பதுதான் கலை. ஊர்வலத்தில் பறை அடிக்கிறார் ஒருவர். அடிக்குச்சி தோலில் விழுகிற ஃப்ரேமில் மெதுவாக்கினால் தாமதம், அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. குச்சி உச்சியில் இருக்கும்போதே மெதுவாகத் தொடங்கி, விழுவதற்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால் முழு மெதுவுக்கு வந்துவிட வேண்டும். அப்போதுதான் தோல் உள்ளே அமுங்கி அதிர்வதைப் பார்க்க முடியும். அதன் பிறகு கை திரும்ப எழும்போது வேகத்தைக் கூட்டுங்கள். ஒலியைத் தனியாகப் பிரித்து இயல்பு வேகத்திலேயே விடுங்கள்.

11. "யூடியூப்ல பார்க்கிற மாதிரி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு சர்ருனு போகணும்."

விப் பேன். எடுக்கும்போதே செய்வதுதான் சிறந்தது. முதல் ஷாட்டின் முடிவில் கேமராவை வலப்பக்கம் வீசுங்கள், இரண்டாவது ஷாட்டை இடப்பக்கத்திலிருந்து வீசி வந்து நிறுத்துங்கள். இரண்டிலும் ஒரே திசை, ஏறக்குறைய ஒரே வேகம். இரண்டும் அதிகம் மங்கலாக இருக்கும் ஃப்ரேமில் வெட்டினால் இணைப்பே தெரியாது.

எடுக்காமல் விட்டால் கீஃப்ரேமில் செய்யலாம். இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஆறாவது பதிலைப் படித்துவிட்டு எல்லாக் கீஃப்ரேமுக்கும் ஈஸ் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வெட்டும் இடத்தில் முதல் ஷாட் நின்று, இரண்டாவது ஷாட் புதிதாகக் கிளம்பும், நடுவில் ஒரு விக்கல் வரும். முதல் ஷாட் மெல்லக் கிளம்பி வெட்டில் உச்ச வேகத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது உச்ச வேகத்திலேயே தொடங்கி மெல்ல நிற்க வேண்டும். இரண்டு ஷாட்டும் சேர்ந்து ஒரே ஊஞ்சல் ஆட்டம், வெட்டு அதன் நடுப்புள்ளி.

ஜூம் வகைக்கும் இதே விதி. உள்ளே போகிற ஜூமில் இரண்டாவது ஷாட் சிறியதாகத் தொடங்கிப் பெரிதாக வேண்டும், அப்போது ஓரத்தில் கறுப்பு தெரியும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மோஷன் டைல் போட்டுக் கண்ணாடிப் பிம்பத்தை இயக்கினால் ஓரம் நிரம்பும். 4கேயில் எடுத்து, அகலமும் உயரமும் அதில் பாதியான 1080 டைம்லைனில் வேலை செய்தால் அதுவும் வேண்டாம்: 50 சதவீதத்தில் தொடங்கி 70ல் நிறுத்துங்கள், ஓரம் எப்போதும் நிறைந்திருக்கும்.

12. "தூண் குறுக்க போனதும் இடம் மாறுதே, அது?"

மாஸ்க் டிரான்சிஷன். படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரிக்க வரையும் எல்லைக்கோடுதான் மாஸ்க். கேமரா வலப்பக்கம் நகர்ந்தால் தூண் திரையில் வலமிருந்து இடமாகப் போகும். தூணின் வலது விளிம்பை ஒட்டி மாஸ்க் வரைந்து, அதற்கு வலப்பக்கம் முழுவதையும் வெட்டி எடுத்தால் கீழே இருக்கும் இரண்டாவது ஷாட் தெரியும். தூண் வெளியேறும்போது புது இடம் முழுவதும் வந்திருக்கும். விளிம்பை 5 முதல் 15 பிக்சல் வரை மென்மையாக்குங்கள்.

ஒவ்வொரு ஃப்ரேமாக உட்கார்ந்து மாஸ்க்கை நகர்த்த வேண்டாம். முதல் ஃப்ரேமில் ஒன்று, கடைசியில் ஒன்று வையுங்கள். நடுவுக்குப் போய்த் திருத்துங்கள். அப்புறம் இரண்டு பாதிகளின் நடுவுக்கு. இப்படிப் பாதி பாதியாகப் போனால் 20 ஃப்ரேமுக்கு ஐந்தாறு கீஃப்ரேமில் முடிந்துவிடும். எடுக்கும்போது எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். தூண் அருகில் வந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டால் இணைப்பு அம்பலமாகிவிடும்.

13. "மேட்ச் கட்டுக்கு எஃபெக்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?"

எந்த ஃபோல்டரிலும் இல்லை. அது வெறும் கட். முதல் ஷாட்டில் இருக்கும் வடிவமோ அசைவோ அடுத்த ஷாட்டில் அதே இடத்தில் தொடர வேண்டும், அவ்வளவுதான். குத்துவிளக்கின் சுடரிலிருந்து ஹோம குண்டத்தின் சுடர். அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கும் ஷாட்டிலிருந்து, பழைய ஆல்பத்தில் அதே கை குழந்தையின் விரலைப் பிடித்திருக்கும் படம். இரண்டாவது ஷாட்டை மேல் டிராக்கில் வைத்து ஒளிபுகும் தன்மையை 50க்குக் குறைத்தால் இரண்டும் தெரியும். சுடரின் மேல் சுடர் உட்காரும் வரை அளவையும் இடத்தையும் நகர்த்திவிட்டு, 100க்குத் திருப்புங்கள்.

பார்க்கிறவரின் கண் எங்கே நின்றிருக்கிறதோ அங்கேயே அடுத்த விஷயமும் கிடைப்பதால் இந்த வெட்டு இதமாக இருக்கிறது. சாதாரணக் கட்டிலும் இதை யோசிக்கலாம்: முதல் ஷாட்டில் கண் கடைசியாக எங்கே இருந்தது?

14. "என் வீடியோ கட் எல்லாம் சரியா இருக்கு, ஆனா துண்டு துண்டா இருக்கு."

படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். பிரித்துப் பாருங்கள். அடுத்த காட்சியின் ஒலியை அரை நொடியோ இரண்டு நொடியோ முன்னாலேயே கேட்க விட்டால் அது ஜே கட். முந்தைய காட்சியின் ஒலி அடுத்த படத்தின் மேல் தொடர்ந்தால் எல் கட். டைம்லைனில் கிளிப்புகள் நிற்கும் உருவத்தை வைத்து அந்த ஆங்கில எழுத்துகளின் பெயர்.

பெண் அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறாள், தோழி பூ வைத்துவிடுகிறாள். நாதஸ்வரம் தூரத்தில் கேட்கத் தொடங்குகிறது. அவள் கண் ஒரு கணம் நிமிர்கிறது. அப்போது மண்டபத்துக்கு வெட்டுங்கள். மண்டபத்தின் ஒலியை அவள் முகத்தின் மேல் மூன்று நொடி முன்னால் இழுத்து வைத்தோம், வேறு எதுவும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த டிரான்சிஷன்களிலேயே மிக வலுவானது இதுதான், காசில்லாததும் இதுதான். வெட்டும் இடத்தில் 'டிக்' என்று சத்தம் வந்தால் இரண்டு ஃப்ரேம் ஆடியோ கிராஸ்ஃபேட் போதும். சர்ரென்ற விஷ் ஒலி சேர்ப்பதானால் அதன் உச்சம் வெட்டில் விழ வேண்டும், அதனால் வெட்டுக்குச் சில ஃப்ரேம் முன்பே அது தொடங்கியிருக்க வேண்டும்.

15. "பாட்டு பீட்டுக்கு கரெக்டா கட் பண்ணினேன், ஆனாலும் போரடிக்குது."

எல்லாப் பீட்டிலும் வெட்டியிருப்பீர்கள். இரண்டாவது சரணத்துக்குள் பார்க்கிறவர் அடுத்த கட் எப்போது என்று கண்டுபிடித்துவிடுவார். பாட்டைக் கேட்டுக்கொண்டே எம் அழுத்தி மார்க்கர் வையுங்கள், பிறகு பாதியை அழித்துவிடுங்கள். எட்டு எண்ணிக்கை ஓடும் தாளத்தில் ஒன்றில் ஒரு கட், ஐந்தில் ஒரு கட், அடுத்த சுற்றில் ஒன்றும் இல்லாமல் விடுங்கள். வெட்டை எடுத்துவிட்டு, ஷாட்டுக்குள் நடக்கும் அசைவைப் பீட்டில் விழ வையுங்கள்: மாலை கழுத்தில் விழுவது, தலை திரும்புவது, கால் மெட்டி படியில் படுவது. சில நேரம் பீட்டுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டினால்தான் சரியாக இருப்பதுபோல் தோன்றும். காது சொல்வதைக் கேளுங்கள்.

16. "ஜூம் பண்ணினா படம் மங்குது. 4கேதான் சார் எடுத்தேன்."

பிரீமியரில் இரண்டு கட்டளை பெயரில் ஒரே மாதிரி இருக்கும். ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ் என்பது 4கே படத்தை 1080க்குச் சுருக்கி, அந்தச் சுருங்கிய படத்தையே உங்களிடம் கொடுக்கும். அதைப் பெரிதாக்கினால் மங்கத்தான் செய்யும். செட் டு ஃப்ரேம் சைஸ் அளவு எண்ணை மட்டும் 50 ஆக்கும், மூலப் பிக்சல் எல்லாம் அப்படியே இருக்கும், 100 வரை தெளிவாக ஜூம் போகலாம். கிளிப்பின் அளவு 100 என்று காட்டியும் படம் திரையில் முழுதாகப் பொருந்தியிருந்தால் முதல் கட்டளை போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேமரா ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசரும் ஓரத்தை வெட்டிக் கொஞ்சம் பெரிதாக்கும், அதன் மேல் ஜூமும் சேர்ந்தால் தெளிவு இன்னும் போகும்.

17. "டைம்லைன்ல நல்லா இருக்கு, அப்லோட் பண்ணினதும் டிசால்வ்ல கட்டம் கட்டமா வருது."

தளங்கள் எல்லாம் வீடியோவைத் திரும்பச் சுருக்குகின்றன. ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்த ஃப்ரேமுக்கு எது எங்கே நகர்ந்தது என்று எழுதி வைத்து, மிச்ச மாற்றத்தை மட்டும் சேர்ப்பதுதான் சுருக்கத்தின் சூத்திரம். டிசால்விலும் ஃபேடிலும் எதுவும் நகர்வதில்லை, ஆனால் ஒவ்வொரு பிக்சலும் மாறுகிறது. பூ தூவுவது, அட்சதை, சீரியல் லைட் சேர்ந்தால் அதற்கு ஒன்றும் ஓடாது. அந்த இடங்களில் டிசால்வைச் சுருக்குங்கள் அல்லது நேர் கட் வையுங்கள். பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவைக் கூட்டி ஏற்றுங்கள். செங்குத்து வீடியோவுக்கு இன்னொன்று: 1080க்கு 1920ல் பக்கவாட்டு வீச்சுக்கு இடம் குறைவு, மேலும் கீழுமான அசைவு நன்றாகப் பொருந்தும்.

18. "ஃப்ளாஷ் டிரான்சிஷன் நிறைய போட்டா தப்பா?"

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஒரு நொடிக்குள் மூன்று மின்னலுக்கு மேல் வேண்டாம். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகளும் இதே அளவைத்தான் வைத்திருக்கின்றன. ஒளி மின்னினால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், தங்களுக்கு அது இருக்கிறது என்றே தெரியாதவர்களும் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் ஓடியபோது சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. அன்று மாலை அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நம் கல்யாண வீடியோவையும் மண்டபத்தில் பெரிய திரையில் இருட்டில் போடுகிறார்கள், முன் வரிசையில் குழந்தைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

19. "ரெடிமேட் டிரான்சிஷன் பேக் வாங்கலாமா?"

வாங்கலாம், ஆனால் 5, 6, 11வது பதில்களைக் கையால் ஒரு தடவை செய்து பார்த்த பிறகு. அப்போது பேக்கைத் திறந்ததும் உள்ளே என்ன கீஃப்ரேம், என்ன கிராஃப் என்று படிக்க முடியும், உங்கள் ஷாட்டின் திசைக்கு ஏற்றபடி மாற்றவும் முடியும். திருட்டுப் பதிப்புகள் வேண்டவே வேண்டாம். அவற்றோடு வைரஸ் வந்து ஒரு குடும்பத்தின் முழுக் கல்யாணமும் போய்விட்டால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

20. "வீட்டுக்காரங்க 'எஃபெக்ட்டே இல்லையே'ன்னு கேட்கிறாங்க. என்ன பண்றது அண்ணா?"

இந்தக் கேள்வி எனக்கும் நெருக்கமானது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்துக்குப் பக்கம் புரள்வது, இதயம் விரிவது, கனசதுரம் சுழல்வது என்று இருந்த எல்லாவற்றையும் போட்டேன். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெண்ணின் பாட்டி மட்டும், "முடிச்சு போடுறப்போ என்னமோ புரண்டுச்சே, சாமி, அதை எடுத்துட்டுக் காட்டு" என்றார். கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவர் அன்று அதை நேரில் பார்த்திருக்கவில்லை. அன்று இரவே அந்தப் பகுதியைத் திரும்ப எடிட் செய்தேன்.

அதற்குப் பிறகு இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறேன். மூன்று நான்கு நிமிட ஹைலைட்டில் ராம்ப், விப் பேன், மாஸ்க் எல்லாம் இருக்கும், இளையவர்கள் பகிர்ந்துகொள்வது அதைத்தான். முழுச் சடங்கு வீடியோவில் கட், கொஞ்சம் டிசால்வ், நிறைய ஜே கட். முன்பணம் வாங்கும்போதே இரண்டுக்கும் மாதிரி போட்டுக் காட்டிவிடுங்கள். 'எஃபெக்ட் வேண்டும்' என்று கேட்கிறவர் எந்த இடத்தில் வேண்டும் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரவேற்பு மேடையையும் ஊர்வலத்தையும் காட்டுவார்கள். அங்கே தாராளமாகப் போடுங்கள். தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் தொடங்குவதற்கு முன்பிருந்து முடியும் வரை ஒரே ஷாட்டை வெட்டாமல் விடுங்கள், ஒலியும் மேடை மைக்கிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும்.